ஓர்மை தப்பிய ஆச்சியும் முப்பது மதிப்பெண்ணும்

நாஞ்சில் நாட்டில் நினைவுக்கு ஓர்மை என்று பெயர். மலையாளத்தோடு பங்குபோட்டுக்கொண்ட சொல். தொலைந்த சாவியும் ஓர்மையில் வர வேண்டும், செத்துப்போன தங்கையின் முகமும் ஓர்மையில் வர வேண்டும். வீட்டில் வயதான ஒருத்தி அடுப்பில் பால் வைத்ததை மறந்து, பேரனை மகன் பெயரால் கூப்பிட்டு, சாப்பிட்ட கையோடு "இன்னும் சோறு போடலியே" என்று கேட்கத் தொடங்கினால், வீட்டார் சொல்வது ஒரே வரிதான்: "ஆச்சிக்கு ஓர்ம கெட்டுப் போச்சு." அதற்குப் பிறகு அடுப்படிப் பொறுப்பு மருமகள் கைக்கு மாறும். வாசல் நடையில் யாராவது ஒருவர் எப்போதும் கண்ணாக இருப்பார். ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் எழுவதில்லை.

மூளையைப் பற்றிய அறிவு ஆய்வகத்தில் தொடங்குகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே அதைவிட முன்பாகவே அது வீட்டில் தொடங்கிவிடுகிறது. எது நோய், எது வயது, எதை வெளியே சொல்லலாம், எதை மூடி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் வீடு முடிவு செய்த பிறகே மருத்துவரின் முறை வருகிறது. ஆய்வாளரின் முறை அதற்கும் பிறகு. இந்த வரிசையைக் கவனிக்காத ஆய்வு எப்படித் தடுமாறும், கவனித்த ஆய்வு எதைக் கண்டுபிடிக்கும் என்பதற்குத் தென்னிந்தியா கடந்த அறுபது ஆண்டுகளில் நல்ல சான்றுகளைத் தந்திருக்கிறது.

முதலில் அந்த ஆச்சியையே எடுத்துக்கொள்வோம். 1945-இல் தோவாளையில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், வாழ்நாள் முழுக்கப் பூக்கட்டிப் பிழைத்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் உலகம் முழுவதும் புழங்கும் நினைவுச் சோதனைத் தாள் ஒன்றை விரித்தால் என்ன ஆகும்? மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகிய மூவர் 1975-இல் அமெரிக்காவில் வெளியிட்ட சோதனை அது. மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் மறதி நோய் இருக்கலாம் என்று ஐயப்படுவது வழக்கம்.

இது எந்த ஆண்டு என்பது முதல் கேள்வி. பழைய ஆவணங்களிலும் கோயில் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு புழங்கிய ஊர் இது. 2025 ஆவணியில் பிறந்தது கொல்லம் 1201. ஆச்சி அதைச் சொன்னால் சரியா, தவறா? இது என்ன பருவம் என்பது அடுத்த கேள்வி. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நான்கு பெட்டிகள் தாளில் காத்திருக்கின்றன. நாஞ்சில் நாட்டு வயல் அறிந்தது இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னிப்பூ அறுப்பு முடிந்து கும்பப்பூவுக்கு உழுகிற நேரம் என்று அவர் சொல்லும் பதில் எந்தப் பெட்டியிலும் அடங்காது. எந்த மாநிலம் என்று கேட்டால் அதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூரில் பிறந்து, நான்கு வயதில் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்து, பதினொன்றாம் வயதில் 1956 நவம்பர் 1 அன்று மதராஸ் மாநிலத்துக்குள் போய், 1969-இல் தமிழ்நாட்டுக்காரி ஆனவர் அவர். இத்தனைக்கும் வீட்டை விட்டு நகரவே இல்லை. எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்றும் தாள் கேட்கிறது. ஓட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரிடம்.

இவற்றையெல்லாம் கேட்பவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டாலும் தப்பிக்க முடியாத இடம் அடுத்து வருகிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்கிறது தாள். அதற்கு 5 மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு 1. பென்சில் பிடித்தறியாத கைக்கு இந்த எட்டும் போய்விடும். மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் மிஞ்சுவது 22. அதாவது நோயே இல்லாத ஆச்சி நோயாளி ஆகிவிடுகிறார். ஒரு முழம் பூவில் எத்தனை கண்ணி, எத்தனை முழத்துக்கு எவ்வளவு கூலி என்று விரலால் கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்தியவரின் மூளை அந்தத் தாளில் எங்கும் பதிவாகாது.

நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் முதலிடம். நாகர்கோவிலில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1819-இல், லண்டன் மிஷன் பாதிரியார் ஒருவருடைய மனைவியின் முயற்சியால். ஆனாலும் எந்தச் சாதி, எந்தச் சபை, எந்தக் கரை, எந்த வீடு என்பதைப் பொறுத்தே ஒரு சிறுமி பள்ளிக்கூட வாசலை மிதித்தாளா இல்லையா என்பது அமைந்தது. எண்பது வயதில் ஒருத்தி வாங்கும் மதிப்பெண்ணில், ஐந்து வயதில் அவளுக்குக் கிடைத்த சிலேட்டும் கிடைக்காத சிலேட்டும் சேர்ந்தே கணக்காகின்றன. அதை நரம்பணுக்களின் கணக்கு என்று மட்டும் படிப்பது பிழை.

இந்தப் பிழையை இந்திய ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டார்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று நடந்தபோது, மேரி கங்குலியும் உடன் ஆய்வாளர்களும் சோதனைத் தாளையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. 1995-இல் வெளியான அந்த இந்தி வடிவத்தில், படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, சோதிப்பவர் கண்ணை மூடிக்காட்ட எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துச் செய்வார். சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டுவதற்குப் பதிலாக வாரத்தின் நாட்களைப் பின்னோக்கிச் சொல்வார். சின்ன மாற்றங்கள்தாம். ஆனால் எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் நோயாளிப் பட்டியலில் தவறாகச் சேர்வதைத் தடுத்தது இந்தச் சின்ன வேலை.

பல்லப்கரிலிருந்து 1998-இல் வந்த முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 65 வயதைத் தாண்டியோரில் அல்சைமர் நோய் 1.07 விழுக்காடுதான். மேலைநாட்டு எண்களுக்குப் பக்கத்தில் அது மிகச் சிறியது. இந்தியர்கள் எதைத் தின்கிறார்கள் என்று தேடியவர்களின் கண்ணில் மஞ்சள் பட்டது. மஞ்சளில் உள்ள குர்குமின் மூளையைக் காக்கிறதா என்று எலிகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதனைகள் நடந்தன. மனிதர்களிடம் நடந்த மருந்துச் சோதனைகளில் தெளிவான பலன் தெரியவில்லை. மஞ்சளுக்கு ஓடியதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த வீடுகளில் மறதியை நோய் என்று யாராவது சொன்னார்களா?

அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சிக்குக் கன்னியாகுமரியிலிருந்து அதிகத் தூரமில்லாத ஊர் ஒன்றில்தான் கால்கோள் நடந்தது. 1998-இல் கொச்சியில் கூடிய உலக அல்சைமர் மாநாட்டில் ஓர் ஆய்வுக் குழு உருவானது. அதன் பெயர் 10/66. உலகின் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் ஏழை, வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். மக்களிடையே நடக்கும் மறதி நோய் ஆய்வில் 10 விழுக்காடு கூட அவர்களைப் பற்றியதாக இல்லை. பெயரிலேயே வழக்கைப் பதிவு செய்துகொண்ட குழு அது. இந்தியாவில் அதன் களங்கள் சென்னையும் வேலூர் கிராமங்களும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கே.எஸ்.ஜேக்கப் கிராமப் பணியை வழிநடத்தினார்.

2008-இல் லான்செட் இதழில் வந்த அவர்களுடைய முடிவை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி எண்ணினால், மறதி நோய் கியூபாவில் 6.3 விழுக்காடு, இந்தியக் கிராமத்தில் 0.3 விழுக்காடு. இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு. அதே மக்களைக் குழு தானே உருவாக்கிச் சரிபார்த்த முறையில் எண்ணியபோது, எல்லாக் களங்களும் 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் வந்து நின்றன. அமெரிக்க வரையறை தவறவிட்டவர்கள் வெறும் மறதிக்காரர்களும் அல்லர். அன்றாட வேலைகளில் கடுமையாகத் தடுமாறியவர்கள் அவர்கள்.

எப்படித் தவறினார்கள்? நோய் என்று முத்திரை குத்த, மறதியோடு சமூக வாழ்விலும் வேலையிலும் சரிவு தெரிய வேண்டும் என்கிறது அந்த வரையறை. சரிவை யார் சொல்வது? வீட்டார். வங்கிக் கணக்கைத் தானே பார்த்து, காரைத் தானே ஓட்டி, தனி வீட்டில் வாழும் எழுபது வயதுக்காரருக்கு மறதி வந்தால் ஒரே மாதத்தில் வெளிச்சமாகிவிடும். சாதம் பிசைந்து தட்டில் வைத்துக் கொடுக்கிற மருமகளும், கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற பேத்தியும் உள்ள வீட்டில் சரிவு கண்ணுக்கே தெரியாது. வீடு அதை நிரப்பிவிடும். "வயசாச்சுல்லா, அப்பிடித்தான் இருக்கும்" என்பது ஒருவகைக் கருணை. அதே சொல்தான் ஒருவகை மறைப்பும். கேரளத்தில் கே.எஸ்.ஷாஜி போன்றோர் நோயாளிகளைப் பராமரிப்பவர்களிடம் விரிவாகப் பேசி எழுதிய ஆய்வுகளிலும் இதே நிலைதான். குறிகளை வீட்டார் நன்றாகவே பார்த்திருந்தார்கள், வயதின் போக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். பராமரிப்பின் சுமையோ பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் இறங்கியிருந்தது. அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நோய்க்குப் பெயரில்லாத ஊரில் உதவிக்கும் பெயரில்லை என்பதுதான் உண்மையான இழப்பு.

அண்மைய கணக்கு ஒன்று. நாடு தழுவிய முதியோர் ஆய்வின் பகுதியாக நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை நேரில் சோதித்து 2023-இல் வெளியான மதிப்பீடு, அறுபது வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகச் சொல்கிறது. பல்லப்கர் காலத்துப் பெருமிதத்துக்கு இனி இடமில்லை.

வீடு மூளைக்குச் செய்யும் நன்மை ஒன்றும் ஆய்வில் தெரியவந்திருக்கிறது. விளவங்கோட்டுப் பக்கத்துச் சந்தையில் மீன் விலை தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். களியக்காவிளையைத் தாண்டினால் பேருந்தின் பெயர்ப்பலகை மாறும், நாக்கும் உடனே மாறிக்கொள்ளும். இங்குள்ளவர்கள் இரண்டாம் மொழியை வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை. பெண் கொடுத்தும் எடுத்தும், வேலைக்குப் போயும், தேங்காய் விற்றும் கைவந்தது அது. இத்தகைய மக்கள் இந்தியாவெங்கும் இருக்கிறார்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 மறதி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டது. அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 61.1, மற்றவர்களுக்கு 65.6. நான்கரை ஆண்டு வேறுபாடு.

இப்படி ஒரு முடிவு கனடாவிலிருந்து முன்பே வந்திருந்தது. ஆனால் அங்கே இருமொழிக்காரர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். காப்பது மொழியா, கடல் கடந்து வந்த துணிவும் உடல்வாகுமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹைதராபாத்தில் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்த வீட்டு மொழிகள். பேசுகிறவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அதைவிட முக்கியமானது, எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. பள்ளி தராத பாதுகாப்பைத் தெரு தந்திருக்கக்கூடும். ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வேறு சில ஆய்வுகள் இதே பலனைக் காட்டவில்லை என்பதால் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க ஏற்ற இடம் எது என்பதில் ஐயமில்லை. ஒரு மொழி மட்டும் பேசும் நாட்டில் இருமொழி ஒரு விதிவிலக்கு. இங்கே அது காய்கறி வாங்கும் வழக்கம்.

மூளையின் படத்துக்கும் ஊர் உண்டு. உலகின் அறுவை அரங்குகளில் நெடுங்காலம் வழிகாட்டிய தலைராக்கின் மூளை வரைபடம் அறுபது வயது ஐரோப்பியப் பெண் ஒருவரின் மூளையை அடிப்படையாகக் கொண்டது. பிறகு வந்த மான்ட்ரியல் வரைபடமும் மேலைநாட்டினருடையதே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் ஹைதராபாத்தின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து 50 ஆண்கள், 50 பெண்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து ஓர் இந்திய மூளை வரைபடத்தை உருவாக்கி 2019-இல் வெளியிட்டன. சராசரி இந்திய மூளை உயரத்திலும் அகலத்திலும் கொள்ளளவிலும் மேலைநாட்டு, சீன, கொரிய மூளைகளைவிடச் சிறியது என்றது அது. முதியவரின் மூளை சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவருக்கு இது மிகவும் வேண்டிய தகவல். அயலூர் அளவுகோலை வைத்தால் நலமான மூளையும் சுருங்கியதாகத் தோன்றும்.

ஆனால் "இந்தியர் மூளை சிறியது" என்று தலைப்புச் செய்தி வந்த அன்றே அறிவியல் பின்தங்கி, பழைய நோய் ஒன்று தலைதூக்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன் அளவுகருவியோடு ஊர் ஊராகப் போய் மண்டையும் மூக்கும் அளந்து, சாதிவாரியாகப் பட்டியலிட்டார். 1909-இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளில் திருவிதாங்கூர் மலைகளின் காணிக்காரர்களும் உண்டு. அளவுக்கும் அறிவுக்கும் முடிச்சுப் போட்ட அந்தக் காலத்தின் மனப்போக்கு இன்னும் முழுவதும் போய்விடவில்லை. மூளையின் அளவு உடலின் அளவோடு சேர்ந்து மாறுவது. ஒரு மக்கள்கூட்டத்தின் அறிவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவின் மூளையை 5,132 வெட்டுத்துண்டுகளாகக் கணினிப் படமாக்கி உலகத்துக்குத் திறந்து வைத்ததே, அது இந்த வேலையின் நல்ல முகம். அதற்குப் பின்னால் பிறக்காமல் போன பிள்ளையின் உடலை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்த பெற்றோர் இருக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். அப்படிச் சம்மதிப்பது எந்த வீட்டிலும் எளிய காரியம் இல்லை.

மறதியை வயது என்று மூடுகிற வீடு, வலிப்பை வெட்கம் என்று மூடியது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்றும் பேருந்து நிலையங்களில் பார்க்கக்கூடிய காட்சி. சாவிக்கு எந்தச் சக்தியும் இல்லை. ஓரிரு நிமிடத்தில் வலிப்பு தானாக அடங்குவதைச் சாவியின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அந்தக் காட்சி தெருவில் நடந்தது ஒரு பெண்ணுக்கு என்றால், அவளுடைய வீட்டில் அன்று இரவு நடக்கும் பேச்சு மூளையைப் பற்றியதாக இராது. யார் பார்த்தார்கள், யாரிடம் சொல்வார்கள், கல்யாணம் என்ன ஆகும் என்பதே பேச்சாக இருக்கும்.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் கே.ராதாகிருஷ்ணனும் குழுவினரும் கேரளத்தில் 2,38,102 பேரை உள்ளடக்கி நடத்திய கணக்கெடுப்பு 2000-இல் வெளியானது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு வலிப்பு நோய். அதோடு மக்களின் எண்ணத்தையும் கேட்டார்கள். எழுத்தறிவில் முன்னணியில் நின்ற மாநிலத்தில் 27 விழுக்காட்டினர் அதைப் பைத்தியத்தின் ஒருவகை என்றார்கள். 31 விழுக்காட்டினர் பரம்பரை நோய் என்றார்கள். நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்கள் மிகச் சிலரே. கேள்விப்படுவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை.

இந்த அச்சத்தைச் சட்டமும் சுமந்தது. 1976-இல் இந்துத் திருமணச் சட்டம் திருத்தப்பட்டபோது, திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரின் திருமணத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம் என்ற நிலை வந்தது. வலிப்பு பைத்தியத்தோடு ஒரே வரியில் வைக்கப்பட்டது. மூளை மின்வரைபடமும் நல்ல மருந்துகளும் கைக்கு வந்துவிட்ட காலம் அது. அறிவியல் ஒரு பக்கம் போக, சட்டம் கல்யாணச் சந்தையின் பக்கம் நின்றது. நரம்பியல் மருத்துவர்களும் வலிப்பு நோய்ச் சங்கத்தாரும் தொடர்ந்து முறையிட்டதன் பிறகு, 1999-இல்தான் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மாத்திரையைத் தாலிக்கு முன் மறைத்தவர்களும் தாலிக்குப் பின் நிறுத்தியவர்களும் எத்தனை பேரோ.

சமூகம் ஆய்வை முடக்கிய கதை மட்டும் இல்லை இது. ஆய்வுக்குக் கேள்வி கொடுத்த கதையும்தான். வலிப்புள்ள பெண்ணுக்குக் குழந்தை நலமாகப் பிறக்குமா என்ற மாமியாரின் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது என்று, ஸ்ரீ சித்திரையின் சஞ்சீவ் தாமஸ் 1998-இல் வலிப்பு நோயும் கர்ப்பமும் பற்றிய கேரளப் பதிவேட்டைத் தொடங்கினார். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களைப் பதிவு செய்து, எந்த மருந்து, என்ன அளவு, குழந்தை எப்படி என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெற்றார்கள். ஆபத்து கூடுதலாக இருந்தது வால்ப்ரோயேட் என்ற மருந்திலும், பல மருந்துகளைச் சேர்த்து உண்பதிலும். மருந்தை மாற்ற வேண்டியது எப்போது என்று மருத்துவர் இன்று சொல்ல முடிகிறதென்றால், ஒரு சமூகத்தின் கவலையை அவர்கள் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டது ஒரு காரணம். அந்த நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவில் காத்திருப்போரில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழும் கேட்கும்.

வலிப்பிலேயே இன்னொரு முடிச்சு. ஸ்கேன் வந்த புதிதில், இந்திய நோயாளிகளின் மூளையில் சிறிய வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி அடிக்கடி தென்பட்டது. காசநோய் மலிந்த நாடு. ஆகவே அது காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூரில் வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்தப் புள்ளிகளை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழுப் பருவம் மூளையில் அடங்கி மடிந்த தடம் என்று தெரிந்தது. பன்றிக்கறி தின்பவர்களின் நோய் என்று அதையும் ஒரு சாதிப் பேச்சாக்க இடமுண்டு. ஆனால் முட்டை பரவுவது புழு உள்ளவரின் கழுவாத கையாலும் கழிப்பறை இல்லாத ஊரின் தண்ணீராலும். வாழ்நாளில் புலால் தொடாதவருக்கும் வரும்.

வீட்டின் குரலை அப்படியே கேட்டுவிடுவதும் ஆபத்தே. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய பி.ராமமூர்த்தி பெரிய மருத்துவர்; அவரோடு வி.பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை வல்லுநர்களில் ஒருவரான டி.எஸ்.கனகாவும் சேர்ந்தார்கள். 1960களில் அவர்கள் மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா, ஹைப்போதலாமஸ் பகுதிகளில் சிறு இடத்தைச் செயலிழக்கச் செய்யும் அறுவையை மேற்கொண்டார்கள். கட்டுக்கடங்காத ஆவேசம், ஓயாத அலைச்சல் உள்ளவர்களுக்காக. அவர்களில் குழந்தைகளும் உண்டு. அமைதிப்படுத்தும் அறுவை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட தொகுப்பில் மொத்தம் 603 அறுவைகள்: 481 அமிக்டலாவில், 122 ஹைப்போதலாமஸில்.

அந்த வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளை, தம்பியின் மண்டையை உடைத்த பிள்ளை, இரவெல்லாம் தூங்காத பிள்ளை. சிறப்புப் பள்ளி இல்லை, நல்ல மருந்து இல்லை, மனநல மருத்துவமனையில் இடமில்லை. அம்மாவின் கை அறுவை அரங்கின் கதவைத் தட்டியதில் வியப்பில்லை. மருத்துவர்களின் அக்கறையும் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் வெற்றியை எதை வைத்து அளந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் பிள்ளை எவ்வளவு அடங்கியது, வைத்துப் பார்த்துக்கொள்ள எவ்வளவு எளிதாயிற்று என்பதை வைத்துத்தான். பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அடுத்த வரிசையில் நின்றது. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியே தெரிந்து தரும் சம்மதமும் வாரியத்தின் ஒப்புதலும் இல்லாமல் இத்தகைய அறுவை கூடாது என்கிறது. வீட்டாரின் கையொப்பம் போதாது என்று எழுத இவ்வளவு காலம் ஆயிற்று.

வீடு மூளைக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்குச் சென்னையிலிருந்தே இன்னொரு சான்று. மனச்சிதைவு நோயில் ஆளில்லாக் குரல்கள் கேட்பது பொதுக்குறி. மானிடவியலாளர் டான்யா லுர்மன், சாரதா மேனன் சென்னையில் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆர்.பத்மாவதி, ஹேமா தரூர் ஆகியோருடனும் கானா நாட்டு மருத்துவர் ஒருவருடனும் சேர்ந்து, கலிஃபோர்னியா, அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் இருபது இருபது பேரிடம் அந்தக் குரல்களைப் பற்றிக் கேட்டார். கலிஃபோர்னியாவில் அவை பெரும்பாலும் அடையாளம் தெரியாத, வன்முறை நிறைந்த குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது அம்மா, மாமியார், அக்கா போன்ற உறவுகளின் குரல். குளி, சமையலைப் பார், நேரத்துக்குச் சாப்பிடு என்று ஏவும் குரல். திட்டவும் செய்யும். நோய் ஒன்றே. அது பேசக் கற்றுக்கொண்ட இடம் வேறு.

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது நாஞ்சில் நாட்டின் இன்றைய நிலை கவலை தருகிறது. வேலூர்க் கிராமத்து எண்ணை 0.3-ஆக மறைத்து வைத்த அந்த வீடு இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் தோகாவிலும். பெரிய வீட்டில் ஆச்சியும், பகலில் வந்துபோகும் வேலைக்காரப் பெண்ணும். இரவு எட்டு மணிக்கு அலைபேசித் திரையில் மகன் வருகிறான். "சாப்டியாம்மா?" என்கிறான். "சாப்பிட்டேன் மக்கா" என்கிறாள். தினமும் கேட்கும் கேள்விக்குத் தினமும் சொல்லும் பதில் மறதியிலும் பிழையில்லாமல் வரும். அவள் சாப்பிட்டாளா என்பது அடுப்படியில்தான் தெரியும்.

10/66 முறையின் அடித்தளம் இரண்டு உரையாடல்கள்: ஒன்று முதியவரோடு, மற்றது அவரை நன்றாக அறிந்த ஒருவரோடு. கடந்த சில ஆண்டுகளில் பணம் எண்ணுவதில், ஊர்ப்பாதை கண்டுபிடிப்பதில், பழைய பேச்சை நினைவில் வைப்பதில் என்ன மாற்றம் என்று அந்த இரண்டாமவரிடம் கேட்க வேண்டும். பள்ளிப்படிப்பு இல்லாதவரைத் தாள் தவறாக எடைபோடாமல் காப்பது அந்த இரண்டாம் சாட்சிதான். கூட்டுக் குடும்பத்திலும் அந்தச் சாட்சியைப் பெறுவது எளிதாக இருந்ததில்லை. பதில் சொல்ல முன்னால் வந்து உட்காருவது மகன்; பதில் தெரிந்தது உள்ளே நிற்கும் மருமகளுக்கு. மாமியார் காதில் விழும்படி அவள் எதைச் சொல்வாள்? நல்ல களப்பணியாளர்கள் தண்ணீர் கேட்கும் சாக்கில் அடுப்படி வரை போய்ப் பேசிவிட்டு வருவார்கள்.

இனி அந்த அடுப்படியிலும் ஆளில்லாத வீடுகளுக்கு அவர்கள் போக வேண்டியிருக்கும். தாளின் இரண்டாம் பக்கத்தில், தகவல் தருபவர் பெயர், உறவுமுறை, ஒரே வீட்டில் எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார் என்று மூன்று கோடுகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரியா, பால் ஊற்ற வருபவரா, மாதம் ஒருமுறை வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் சுகாதாரப் பணியாளரா, அந்தக் கோடுகளில் யாருடைய பெயரை எழுதுவது என்பதை நாஞ்சில் நாட்டின் தெருக்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.